கோழி போனது பகலிலா, இரவிலா?

‘ராத்திரியில் ஏதோ வந்து கோழியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறது. என்ன மருந்து வைக்கலாம்?’

புறக்கடையில் கோழி வளர்ப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. கேள்வியைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். வந்தது எதுவென்று கேட்பவருக்குத் தெரியாது, அதனால்தான் ‘ஏதோ’. ஆனால், அதற்கு மருந்து வைப்பது என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையைத் தாண்டி உள்ள ஒரு தெருவில், சித்திரை மாதத்தில் ஒரு குடும்பமும் இதே முடிவுக்கு வந்தது. கணவர் கரும்பு வெட்டும் காலத்தில் கரும்புக்கும், மற்ற நாளில் கட்டட வேலைக்கும் போகிறவர். மனைவி பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கேரியர்களுக்குப் பிசிறு நீக்கும் வேலை பார்க்கிறார். எண்ணிக்கைக் கூலி. வீட்டுக்குப் பின்னால் 16 பெட்டைகளும் 2 சேவல்களும் இருந்தன. எல்லாம் நாட்டுக்கோழி. மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். பட்டறைக் கூலி வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போய்விடும். மகளின் கட்டணம் கோழி விற்ற காசில்தான். ஆடியில் கோயில் திருவிழாக்கள் வரும்போது நாட்டுச் சேவலுக்குக் கிடைக்கிற விலை மற்ற மாதங்களில் கிடைக்காது. அதைக் கணக்கில் வைத்துத்தான் அந்தப் பெண் குஞ்சுகளை இறக்கியிருந்தார்.

பத்து நாளில் ஐந்து கோழிகள் போயின. முதலில் ஒன்று, பிறகு ஒன்று. மூன்றாவது முறை ஒரே இரவில் மூன்று. அந்த மூன்றில் ஒன்றின் தலையும் மார்பும் மட்டும் தின்னப்பட்டிருந்தன. மற்ற இரண்டும் கழுத்தில் பல் பதிந்து அப்படியே கிடந்தன. தின்னக்கூட இல்லாமல் கொன்று போட்டிருக்கிறதே என்பதுதான் கணவரின் ஆத்திரம்.

ஆத்திரப்பட்டவருக்கு எதிரி யாரென்பதில் சந்தேகமே இல்லை. தொழிற்பேட்டைப் பக்கம் உடைந்த பீங்கான் குவியல்களும் அவற்றைச் சுற்றிச் சீமைக்கருவேல் புதரும் உண்டு. கீரி குடியிருக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நடுப்பகலில் வேலியோரமாகக் கீரி ஒன்று ஓடுவதை அவர் இரண்டு முறை பார்த்திருந்தார். சொந்தக்காரர் வீட்டு வயலில் மீந்த குருணை மருந்தில் கொஞ்சம் வாங்கி வந்தார்.

“இன்னிக்கு ராவு கோழிக் கொடல்ல கலந்து வச்சிட்டா, காலையில செத்துக் கெடக்கும்.”

“ஏங்க, எதிர்வீட்டுப் புள்ள விடிஞ்சதும் இங்கதான் வந்து வெளையாடுது. அது எதையாவது எடுத்து வாயில வச்சா என்னங்க பண்றது?”

இந்தப் பேச்சைத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார் சொன்ன ஒரு வார்த்தைதான் விஷயத்தைத் திருப்பியது. “கீரி ராவுல வராதுடா. அது பகல்ல மேயிற சீவன்.”

அவர் சொன்னது சரி. நம் ஊர்களில் பார்க்கும் சாம்பல் நிறக் கீரி வெளிச்சத்தில் இரை தேடும் விலங்கு. காலையிலும் மாலைக்கு முன்பும் சுறுசுறுப்பாக அலையும். இருட்டினால் வளைக்குள் போய்விடும். பகலில் நம் கண்ணில் படுவதால்தான் எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது. இரவில் வருகிறவனை நாம் பார்ப்பதில்லை. கோழி எப்படிச் செத்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் செத்தது என்று கேட்டுக்கொண்டால் சந்தேகப் பட்டியலில் பாதி அடிபட்டுப் போகும். அன்று குருணை வைத்திருந்தால் அது கீரிக்குப் போயிருக்காது. தெருநாய்க்கும், காலையில் வரும் காக்கைக்கும், குடல் துண்டைக் கொத்தும் அவர்களுடைய கோழிக்குமே போயிருக்கும். எதிர்வீட்டுக் குழந்தையைப் பற்றி அந்தப் பெண் சொன்னதும் மிகையான பயம் இல்லை. குருணை வடிவில் வரும் கார்போபியூரான் போன்ற மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. குழந்தையின் உயிரை எடுக்கச் சிறிதளவே போதும்.

மறுநாள் அவர் பட்டறையிலிருந்து காய்ந்த வெள்ளைக் களிமண்ணைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தார். பொடித்துச் சலித்துக் கொட்டகையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கும், கூரையின் ஓரத்திலும் மெல்லிசாகத் தூவினார். (மற்ற ஊரில் இதற்கு அடுப்புச் சாம்பலோ ஆற்றின் பொடி மணலோ போதும். பீங்கான் மண் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் சலித்தார்.) இரண்டு இரவு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் தரையில் ஒரு தடமும் இல்லை. கூரை ஓரத்தில் மட்டும் வரிசையாக இருந்தது, ஒவ்வொரு தடத்திலும் ஐந்து விரல்.

தடம் படிப்பது பெரிய வித்தையில்லை. பூனை இனத்துக்கு நான்கு விரல், நகம் பதியாது. வீட்டுப்பூனைத் தடத்தைவிடப் பெரிதாக அதே மாதிரி இருந்தால் காட்டுப்பூனை. கரும்புக் கொல்லைக்குப் பக்கத்து வீடுகளில் இது சாதாரணம். அது கோழியை அங்கேயே தின்னாது, தூக்கிக்கொண்டு போய்விடும். புதர் வரைக்கும் இறகு சிந்திக் கிடக்கும். நாய்க்கும் நரிக்கும் நான்கு விரல், நகம் நன்றாகப் பதியும். நாய் வந்த இடம் கலவரம் நடந்த இடம் போல இருக்கும். வலை பிய்ந்து, கோழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குதறப்பட்டு, பெரும்பாலும் தின்னப்படாமலே கிடக்கும். மரநாய்க்கும் கீரிக்கும் ஐந்து விரல். கீரியின் தடம் சிறியது. நீண்ட நகங்கள் முன்னால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கூரைமேல் இரவில் ஐந்து விரல் என்றால் மரநாய்தான். ஓட்டின் மேலோ மதில் மேலோ பழக்கொட்டையும் விதையுமாக எச்சம் கிடந்தால் அதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பழம்தான் மரநாயின் முக்கிய உணவு. முந்திரித் தோப்பும் பனைமரமும் நிறைந்த இந்தப் பகுதியில் அதற்குக் குறைவில்லை. வழியில் திறந்த கொட்டகை இருந்தால் கோழியையும் விடாது.

ஒரே இரவில் மூன்றைக் கொன்றது ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. காட்டில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும். அடைத்த கொட்டகையில் மற்றவை தப்ப வழியில்லாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தப் படபடப்பு இருக்கும்வரை வேட்டை விலங்கின் கடியும் நிற்காது. அதை வன்மம் என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தேடுவதில் பயனில்லை. உள்ளே வர எங்கே வழி இருந்தது என்று பார்ப்பதுதான் வேலை.

அந்த வீட்டில் வழி கண்முன்னே இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை. அதன் கிளை கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. சுவருக்கும் கூரை ஷீட்டுக்கும் நடுவில், காற்று வரட்டும் என்று விட்ட நான்கு விரற்கடை இடைவெளி. கோழிக்கு அது சன்னல், மரநாய்க்கு வாசல்.

இந்த இடத்தில் பலரும் அவசரப்பட்டுச் செய்வது, இடைவெளி முழுவதையும் தகரத்தாலோ சாக்காலோ அடைத்துவிடுவது. கத்திரி வெயிலில் அப்படி அடைத்தால் மரநாய் கொல்லாத கோழிகளை வெக்கை கொன்றுவிடும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். ஆகவே காற்று போக வேண்டும், பல் போகக் கூடாது. அதற்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் சரி. கடையில் ‘கோழி வலை’ என்று விற்கும் ஆறு மூலைக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும், வெளியே இருப்பதைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். பெருச்சாளியும் வழி பண்ணிக்கொள்ளும். அமெரிக்காவில் ரக்கூன் என்று ஒரு விலங்கு, நம் மரநாயைப் போல இரவில் அலைவது. மனிதக் கை மாதிரியான முன்னங்கால் உண்டு. அந்த வலைக்கண்ணுக்குள் கையை விட்டு, உள்ளே உறங்கும் கோழியைப் பிடித்து இழுத்துவிடும். சாதாரணக் கொக்கியையும் திறந்துவிடும். அங்கே கோழி வளர்ப்பவர்களும் கடைசியில் அரை அங்குலக் கம்பி வலைக்கும் இரட்டைத் தாழ்ப்பாளுக்கும்தான் வந்து சேர்ந்தார்கள். நமக்கு ரக்கூன் இல்லை. ஆனாலும் தெருநாய் முட்டினால் திறந்துகொள்ளும் கயிற்றுக் கட்டை விட்டுவிட்டு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுவது பெரிய செலவில்லை.

முருங்கைக் கிளையைக் கணவரே வெட்டினார். கூரையிலிருந்து ஆறடி தூரத்துக்குள் எந்தக் கிளையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். இடைவெளிக்குக் கம்பி வலை அடித்தார்கள். ஆணியில் சுற்றிய வலை சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், வலையின்மேல் மரப்பட்டை வைத்து அதன்மேல் ஆணி அடித்தார்கள். அடித்தளத்துக்குத்தான் இந்த ஊருக்கே உரிய ஒரு யோசனை வந்தது. தோண்டி உள்ளே வரும் பெருச்சாளியையும் நாயையும் தடுக்கச் சுவரோரம் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, பட்டறையில் கழித்துப் போட்ட பீங்கான் உடைசலை அதில் கொட்டி, மேலே செம்மண் போட்டுக் கெட்டித்தார்கள். உடைசல் மேலே தெரியக் கூடாது. கோழியின் பாதத்தில் கீறினால் புண்ணாகி வீங்கும். உடைசல் கிடைக்காத ஊரில், கம்பி வலையைச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடிக்குத் தரையில் படுக்கப் போட்டு மண்ணால் மூடிவிடலாம். தோண்டுகிற விலங்கு சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும்; அங்கே வலை தடுத்தால் ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குப் புத்தி வராது.

இத்தனையும் செய்த பிறகும் மீதி இருந்தது ஒரு பழக்கம். கோழி தானாகவே பொழுது சாயும்போது அடைந்துவிடும். கதவை மூடுவதோ அந்தப் பெண் பட்டறையிலிருந்து வந்த பிறகு, ஏழு அல்லது ஏழரைக்கு. அந்த ஒரு மணி நேரம் கொட்டகை திறந்தே கிடந்தது. இப்போது அந்தப் பொறுப்பு மாமியாருக்கு. விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணிப் பார்த்துத் தாழ் போட்டுவிடுகிறார். அதன் பிறகு அந்த வீட்டில் இரவில் கோழி போகவில்லை. மரநாய் ஊரை விட்டுப் போய்விடவில்லை. வைகாசியிலும் வீட்டுக் கூரையில் அதன் எச்சம் கிடந்தது.

பகல் கதை வேறு. அதே வைகாசியில் குஞ்சுகள் மூன்று காணாமல் போயின. எல்லாம் காலை ஒன்பது, பத்து மணிக்கு. இந்த முறை கணவர் சொன்னது சரியாக இருந்தது. ஒன்றைக் கீரி கவ்விக்கொண்டு போனதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பகல் திருடனுக்குத் தாழ்ப்பாள் உதவாது. குஞ்சுகளைத் தாயோடு எட்டு வாரம் வரைக்கும் பஞ்சாரத்திலோ வலைக் கூண்டிலோ வைத்துத் தீனி போட வேண்டும். கொட்டகையைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரும் குப்பையும் இல்லாமல் வெட்டவெளியாக வைக்க வேண்டும். கீரி மறைவில்லாத இடத்தைக் கடக்கத் தயங்கும். ஆனால் வெட்டவெளி வல்லூறுக்கு வசதி. அதனால் கூண்டுக்கு மேலும் வலை வேண்டும், அல்லது பந்தல் நிழல் வேண்டும். ஒரு பக்கம் அடைத்தால் ஒரு பக்கம் திறப்பதுதான் கோழி வளர்ப்பு. கூடவே ஒரு ஜோடி கினிக்கோழி விட்டால், எது வந்தாலும் தெருவையே எழுப்பிவிடும். அந்தக் கத்தலைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கம் இருந்தால் வளர்க்கலாம்.

முட்டை போவதற்கும் இதே போலக் கணக்கு உண்டு. ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமானால் சாரையோ நல்லபாம்போ உடும்போ விழுங்கியிருக்கும். கீரி முட்டையைப் பின்னங்கால்களுக்கு நடுவே கல்லில் எறிந்து உடைக்கும்; ஓடு அங்கேயே சிதறிக் கிடக்கும். அடை வைத்த இடத்திலேயே ஓடும் மஞ்சள் கருவுமாக இருந்தால் கோழிகளின் அலகைப் பாருங்கள். திருடி வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். சுண்ணாம்புச் சத்து போதாத கோழி தன் முட்டையைத் தானே கொத்தப் பழகிவிடும். அதற்குக் கிளிஞ்சல் தூள்தான் மருந்து.

கீரியைப் பிடித்தோ அடித்தோ தீர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் சட்டம். கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு எல்லாமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. உடும்பு நீண்ட காலமாகவே முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கீரியும் அதில் உண்டு. அந்த அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கண்ணி வைப்பதும், கூண்டில் பிடித்து வேறு ஊரில் விடுவதும் குற்றமே. கொட்டகையைச் சுற்றி வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது சட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஆளைக் கொல்லும் வேலை. இருட்டில் ஒதுங்கப் போகிறவர்களும் வைத்தவர்களுமே அதில் செத்திருக்கிறார்கள். மூலையில் மாட்டிய மரநாயைக் கட்டையால் அடிக்கப் போய்க் கடிபட்டால் வெறிநோய் ஆபத்தும் உண்டு. நாய் மட்டுமில்லாமல் கீரி, மரநாய், பூனை எது கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மந்திரிப்பதும் பச்சிலை வைத்துக் கட்டுவதும் இதில் உதவாது.

சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு கீரியைக் கொன்றால் அந்த இடம் காலியாக இருக்காது. இரையும் மறைவும் இருக்கிற இடத்துக்கு அடுத்தது வந்துவிடும். அது இருப்பதில் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு லாபமும் உண்டு. எலி, வெள்ளெலி, பூச்சி, பாம்பு எல்லாம் அதன் சாப்பாடு. இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். 1872-ல் கரும்பில் எலியை ஒழிக்க என்று நம் கல்கத்தாவிலிருந்து கீரிகளைக் கப்பலேற்றி ஜமைக்கா தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1883-ல் ஹவாய்க்கும் போயின. எலி இரவில் வருவது, கீரி பகலில் மேய்வது. அங்கே எலி ஒழியவில்லை. தரையில் முட்டையிடும் பறவைகள் அழிந்ததுதான் மிச்சம். நம் மண்ணில் கீரியோடு கூடவே ஆந்தை, சாரை, காட்டுப்பூனை என்று இரவுக் காவலும் இருப்பதால் கணக்கு ஓரளவு நேராகிறது. அதில் ஒன்றிரண்டை விஷம் வைத்து எடுத்துவிட்டு, பிறகு எலிக்குத் தனியாகச் செலவு செய்கிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக, கேள்வி கேட்பவர்கள் கேட்காமல் விடுவது ஒன்று. கோழியை அதிகம் கொண்டுபோவது கீரியும் இல்லை, மரநாயும் இல்லை, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று சொல்லும் இந்த நோய் வந்தால் ஒரு வாரத்தில் கொட்டகையே காலியாகும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.

இதற்கும் திருட்டு விலங்குக்கும் தொடர்பு இருக்கிறது. நோயில் செத்த கோழியைப் பலர் வேலிக்கு வெளியே புதரில் வீசுகிறார்கள். நாயும் நரியும் மரநாயும் கோழிக் கறியின் ருசியையும், அது கிடைக்கும் வீட்டையும் கற்றுக்கொள்வது அங்கேதான். கறிக்கடைக் கழிவை ஏரிக்கரையில் கொட்டுவதும் அப்படித்தான். அந்தத் தெருவில் தெருநாய் பெருகியதற்கு அதுவே காரணம். செத்த கோழியை இரண்டடிக்குக் குறையாத குழியில் போட்டு, மேலே சுண்ணாம்புத் தூள் தூவி, மண் மூடி, கல் ஒன்றை ஏற்றி வைக்க வேண்டும். குழி கிணற்றை ஒட்டியோ வாய்க்காலை ஒட்டியோ இருக்கக் கூடாது. குழி எடுத்த மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் மறுபடி கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும்.